கன்னியப்பனின் ஒன்பதாம் வாய்பாடு

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வாய்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தத் தபால் கார்டு வந்தது. ஓரத்தில் கறுப்பு மை. பெரிய காஞ்சிபுரத்தில் அண்ணன் வீட்டில் கன்னியப்பன் காலமானார் என்று இரண்டே வரி. ஒரு காலத்தில் எங்கள் பள்ளியில் எனக்கு அடுத்த வகுப்பில் உபாத்தியாயராக இருந்தவர். அவரைப் பற்றி உங்களுக்கு இதை எழுதுகிறேன். எழுதும் தகுதி எனக்கு இல்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியில் வாய்பாடு என்றால் கூச்சல். முதல் வரியிலிருந்து ராகம் போட்டுக் கத்த வேண்டும். நடுவில் தடுக்கினால் பிரம்பு. கன்னியப்பன் பிரம்பைத் தொட்டதில்லை. "அடிச்சி ஏத்துனது அடி நின்னா எறங்கிடும்பா" என்பார். ஒன்பதால் பெருக்கவேண்டுமா, பத்தால் பெருக்கி ஒரு மடங்கைக் கழி. நாலுக்கு இரண்டு தடவை இரட்டி. எட்டுக்கு மூன்று தடவை. அவர் வகுப்பில் சத்தமே வராது. பிள்ளைகள் மேலே பார்த்து உதட்டை அசைப்பார்கள், விடை வந்துவிடும். நாங்கள் அதைச் சோம்பேறி வகுப்பு என்று சொல்லிச் சிரித்தோம்.

ஒரு வருஷம் இன்ஸ்பெக்டர் வந்தார். பொன்னம்மா என்ற எட்டு வயதுப் பெண்ணை எழுப்பி, பதினாலை ஒன்பதால் பெருக்கினால் எவ்வளவு என்று கேட்டார்.

"நூத்தி இருபத்தாறு, ஐயா" என்றாள் உடனே.

"எங்கே, பதினாலாம் வாய்பாட்டை முதலிலிருந்து சொல்லு."

அவளுக்கு அந்த ராகம் தெரியாது. "நூத்தி நாப்பதுல பதினாலு போச்சி ஐயா" என்று விளக்கப் பார்த்தாள். சரியான விடை சொன்ன குழந்தையை அந்த மனிதர் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். யாரோ விடையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், இந்த வகுப்புக்கு வாய்பாடே தெரியாது என்று புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் தலைமை உபாத்தியாயர் ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினார். கன்னியப்பன் வாய்பாடு கற்பிப்பதில்லை, நான் அதற்குச் சாட்சி என்று அதில் எழுதியிருந்தது. "கையெழுத்துப் போடும் ஓய். இல்லேன்னா உம்ம வகுப்பையும் கிளறுவா" என்றார். போட்டேன். அந்த வாரமே கன்னியப்பனுக்கு வேலை போயிற்று. அண்ணன் வீட்டுத் தறியில் போய் உட்கார்ந்தார்.

சீ என்கிறீர்களா? இன்னும் இருக்கிறது. அவருடைய வகுப்பு என்னிடம் வந்தது. அந்தப் பிள்ளைகள் என்னைவிட வேகமாகக் கணக்குப் போட்டார்கள். அவர்களிடமே கேட்டு அந்த வழிகளைக் கற்றுக்கொண்டேன். மேலுக்கு ராகத்தையும் பழக்கிவைத்தேன். பிறகு வந்த வேறொரு இன்ஸ்பெக்டர் மகிழ்ந்துபோய், "இந்த யுக்தி யாருடையது?" என்று கேட்டார். "என்னுடையதுதான்" என்றேன். அதன்பின் சுற்றுவட்டாரத்து உபாத்தியாயர்களுக்கெல்லாம் நான் பாடம் எடுக்கலானேன்.

ஒருநாள் தேரடியில் கன்னியப்பன் எதிரே வந்துவிட்டார். ஒதுங்க இடமில்லை. "வாத்தியாருங்களுக்கே பாடம் எடுக்கிறியாமே, கேள்விப்பட்டேன்பா" என்றார். "ஏழுலதான் புள்ளைங்க தடுமாறிக்கினு இருக்கும். அஞ்சும் ரெண்டுமா பிரிச்சிக் குடு. பத்து மடங்குல பாதி அஞ்சு மடங்கு, அதோட ஒரு ரெட்டிப்பு. அவ்ளோதான்."

ஒரு வார்த்தை வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வையவில்லை. நான் மறுநாளே அதையும் என் பாடத்தில் சேர்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் இரங்கல் கூட்டம் நடந்தது. அவரை விரட்டிய அதே தலைமை உபாத்தியாயர் உருக்கமாகப் பேசினார். "தங்கமான மனுஷன். கணக்குதான் கொஞ்சம் வரலை. அந்தக் குறையை நம்ம ராகவன் தீர்த்துவெச்சார்" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அந்த மனிதரைவிட அங்கே அருவருப்பானவன் நான்தான். எழுந்து மறுக்காமல், கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அங்கே சொல்லாததை இங்கே சொல்லிவிட்டேன். ஒன்பதுக்கான வழி, ஏழுக்கான வழி, கணக்கில் கெட்டிக்காரன் என்ற பெயர் — இந்த மூன்றும்தான் கன்னியப்பனுடையவையாக என்னிடம் இருப்பவை. முதல் இரண்டையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாவதை அவர் உயிரோடு இருந்தபோது, தேரடியில் நேருக்கு நேர் நின்றபோதுகூட, திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.