துருக்கிக் குடும்பத்தின் சாவி

பெரிய மாமா ஜேர்மனியில் இருந்து கொண்டுவந்த சொக்கிலேட் ஒரு வாரத்தில் முடிந்தது. சவர்க்காரம் ஒரு மாதம் வந்தது. துருக்கிக் குடும்பத்தின் கதை மட்டும் முடியவேயில்லை.

அம்மாவின் மூத்த அண்ணன் அவர். அங்கே குளிர்சாதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்தவர். அதன் முதலாளிகள் துருக்கிக்காரர். அவர்களின் தாத்தா சின்னக் கடையொன்றில் மண்ணெண்ணெய் விற்றவராம். பிறகு அடுப்புச் செய்தாராம். அடுப்பில் வந்த காசில் குளிர்சாதனப் பெட்டி, பெட்டி ஏற்ற லொறி, லொறிக்கு டயர், கடைசியில் எல்லாருக்கும் கடன் கொடுக்க ஒரு வங்கி. ஒவ்வொன்றுக்கும் ஒரு மகன். மாமா சொல்லும் விதத்தில் அந்தக் கிழவர் ஏதோ எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் போலவே இருக்கும்.

முல்லைத்தீவுக் கரையில் எங்கள் குடும்பத்திடம் அப்போது இருந்தவை இரண்டு படகும் ஒரு பழைய லொறியும். அந்த லொறியை ஓட்டியவர் அப்பா. மீன் பழுதாகாமல் இருக்க வவுனியாவில் இருந்து ஐஸ் கட்டிகளை மரத்தூளில் புதைத்துக் கொண்டுவருவார். வந்து சேரும்போது பாதி தண்ணீராகிவிடும். இங்கேயே ஐஸ் போட்டால் என்ன என்று முதலில் கேட்டவரும் அவர்தான். மாமா வெளிநாட்டுக் காசைப் போட்டார். ஐஸ் தொழிற்சாலை எழும்பியது அம்மாவின் சீதனக் காணியில்.

அப்பா இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். மலையகத்தில் இருந்து வந்து விசுவமடுவில் குடியேறி வயலில் கமம் செய்த குடும்பம். கடல் தெரியாத மனிசன் என்று மாமாக்கள் பகிடி பண்ணுவார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

திறப்பு விழாவன்று அப்பாவையும் பங்காளியாக மேடைக்குக் கூப்பிடுவதாக மாமா அம்மாவுக்குச் சொல்லியிருந்தார். அப்பா அதற்காகவே ஒரு வெள்ளைச் சட்டை தைத்தார். தம்பி பிறந்து கொஞ்ச நாள்தான் என்பதால் அம்மாவால் வர முடியவில்லை. எல்லாவற்றையும் பார்த்து வந்து சொல்லும்படி என்னை அனுப்பினார்.

எனக்குப் பத்து வயது. பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கி வாங்கித் தலைக்கனம் ஏறியிருந்த காலம். துருக்கிக் குடும்பம் வளர்ந்த கதையை விழாவில் நான் பேசவேண்டும் என்று மாமா எழுதித் தந்து, ஒரு வாரம் பழக்கினார். விழாவன்று காலையில் என்னைத் தனியே கூப்பிட்டுக் கடைசியில் இரண்டு வரி சேர்த்தார். கையை எப்படி விரிக்கவேண்டும் என்றும் காட்டினார்.

"மருமகள், இந்த இடத்திலதான் கைதட்டு விழும். வடிவா நிறுத்திச் சொல்லோணும்."

பெரிய மாமாவுக்கு வாழைப்பழத்தில் ஊசி ஏற்றத் தெரியும். அன்றைய வாழைப்பழம் நான்.

சுவாமியார் இயந்திர அறைக்குத் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்தார். பிறகு அவரையும் மூன்று மாமாக்களையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அப்பா முன்வரிசையில், கதிரையின் நுனியில் இருந்தார். அடுத்த பெயருக்கு எழும்ப ஆயத்தமாக இருந்தார் என்பது இப்போது விளங்குகிறது. அடுத்ததாகக் கூப்பிட்டது என்னை.

மண்ணெண்ணெய்க் கடையில் தொடங்கி வங்கி வரை ஏறினேன். சனம் வாய் பார்த்துக்கொண்டு இருந்தது. கடைசி வரிகளுக்கு வந்ததும் வடிவாக நிறுத்தினேன்.

"அந்த வீட்டில் மருமகனுக்கு வேலை உண்டு, சம்பளம் உண்டு, விருந்தும் உண்டு. ஆனால் சாவி கிடையாது!"

வெறும் கைகள் இரண்டையும் விரித்துக் காட்டினேன். மாமா சொன்ன மாதிரியே கைதட்டு விழுந்தது. சிலர் அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் என் அப்பா என்பதால் பார்க்கிறார்கள் என்று எனக்குப் பெருமை. அப்பாவும் கைதட்டினார். பிறகு மாமாக்களுக்கு மாலை போட்டார்கள், எனக்கு ஒரு பென்சில் பெட்டி கிடைத்தது. அப்பாவின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

அன்று எனக்கு வெட்கமாக இருந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். 'தொழிற்சாலைகள்' என்ற சொல்லில் ஒருமுறை நாக்குத் தடக்கிவிட்டது. இன்று அந்தச் சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வெட்கப்படுகிறேன். தனியே இருக்கும்போது நினைவு வந்தால் கைகளை மடக்கிக்கொள்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் படித்தபோது அந்தத் துருக்கிக் குடும்பத்தைப் பற்றித் தேடி வாசித்தேன். மண்ணெண்ணெய்க் கடை உண்மை. வங்கி உண்மை. லொறித் தொழிற்சாலையைத் தூக்கி நிறுத்தியது மட்டும் மகன் இல்லை, மூத்த மருமகனாம். மாமாவின் பெயர்ப்பலகைகள் இப்போது பரந்தன் வரை போய்விட்டன. அப்பா இன்னும் இயந்திர அறையில்தான் இருக்கிறார்.

விழா முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, அந்தக் கடைசித் துண்டை இன்னொருக்கால் சொல்லச் சொன்னார் அப்பா. காற்றுக்கு மேலால் கத்திச் சொன்னேன். நல்லாய்ச் சொன்னதாகச் சொன்னார். கொஞ்சத் தூரம் போனபிறகு, அதை அம்மாவுக்குச் சொல்லிக் காட்டவேண்டாம், கண்ணூறு பட்டுவிடும் என்றார். பெற்ற தாயின் கண்ணுமா படும் என்று எனக்குக் கோபம் வந்தது.

அம்மா தம்பியைத் தோளில் போட்டபடி வாசல் படலையில் நின்றார். அப்பா மோட்டார் சைக்கிளை நிறுத்தப் பின்பக்கம் போனார்.

"அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டவையோ, பிள்ளை?"

அதைவிட முக்கியமான விசயம் என்னிடம் இருந்தது. முதலில் என்ரை பேச்சைக் கேளுங்கோ என்று சொல்லிவிட்டு, படலையிலேயே நின்று கடைசி வரிகளைச் சொன்னேன். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.

அம்மா கைதட்டவில்லை. தம்பியை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதிலே சொல்லவில்லை, அம்மா ஏன் திருப்பிக் கேட்கவில்லை என்று யோசித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.