வளை இல்லாத வீட்டில் ஓர் ஏணை

நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் நினைத்த நேரம் உடுப்புத் தோய்க்க முடியாது. நிலத்துக்குக் கீழே எல்லாருக்கும் பொதுவாக ஒரு சலவை அறை இருக்கிறது. வாஷ்கூகே என்பார்கள். எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள் என்று அதன் கதவில் ஓர் அட்டை தொங்கும். பிள்ளை பால் கக்கினால் என்ன, கறி கவிண்டால் என்ன, உங்கள் முறை வரும்வரை நாற்றத்தோடு காத்திருக்க வேண்டியதுதான். சுவிஸ் நாட்டில் எனக்கு எல்லாம் பழகிவிட்டது, குளிர்கூடப் பழகிவிட்டது. தண்ணீருக்கு முறை கேட்பது மட்டும் இன்னும் பழகவில்லை. மட்டக்களப்பில், களுவாஞ்சிக்குடியில் எங்கள் கிணற்றடிக்குப் போக நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

அன்று என்னுடைய முறை. எனக்கு முந்திய முறை மேல்மாடி ஃப்ராவ் ஹோஃபருடையது. தனியாக வாழும் ஓய்வுபெற்ற மனுசி, கடைசி விரிப்பை மடித்துக்கொண்டு நின்றார். ஊரிலிருந்து வந்த பெரிய பையை மேசையில் கொட்டினேன். என் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை, பாவாடைகள், தாவணிகள், அடியில் சிவப்பாக என் கலியாணக் கூறைச் சீலை. அந்த மனுசி மடிப்பதை நிறுத்திவிட்டு என் தோளில் கை வைத்தார். நிறுத்தி நிறுத்தி, எனக்கு விளங்கும் ஜேர்மனில் கேட்டார்: “உன் அம்மா இறந்துவிட்டாரா?”

“இல்லை, நல்லாக இருக்கிறார். இது பிள்ளைக்கு என்று அவர் அனுப்பியது.”

“இவ்வளவுமா?” அவருக்கு நம்பிக்கை வரவில்லை. “அப்படியென்றால் யாருடைய வீட்டைக் காலி செய்கிறார்கள்?”

இங்கே ஒருவர் செத்துப்போனால் அல்லது முதியோர் இல்லத்துக்குப் போனால், பிள்ளைகள் வந்து உடுப்பையெல்லாம் பையில் கட்டி, பழைய உடுப்புச் சேர்க்கும் தெருமுனைப் பெட்டிக்குள் தள்ளிவிடுவார்கள். பையில் கட்டிய உடுப்பு என்றால் இவர்களுக்கு அதுதான் அர்த்தம். மேலே வந்து கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். “பழைய உடுப்பக் கண்டா இந்தச் சனத்துக்குச் செத்தவீடுதான் ஞாபகம் வருது” என்றேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

நான் அம்மாவிடம் பழைய உடுப்புக் கேட்டதற்குக் காரணம் உண்டு. பிறந்த பிள்ளையின் உடம்பில் துடக்கு என்கிற தீட்டுக் கழியும்வரை புதுத்துணி படக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தாய்வழிப் பெரியவர்கள் உடுத்துத் தோய்த்து நைந்த துணிதான் முதலில் படவேண்டும். பிறகு அதே துணியால் வீட்டு வளையில் ஏணை கட்டுவோம். வளை என்றால் கூரையைத் தாங்கும் குறுக்குமரம். ஏணை என்றால் அதில் தொங்கும் துணித்தொட்டில். இந்த வாடகை வீட்டில் வளை ஏது? மேலே வழவழவென்று கொங்கிறீற். சுவரில் ஓர் ஆணி அடித்தாலும் வீட்டை ஒப்படைக்கும்போது ஓட்டையை அடைத்துக் காட்டவேண்டும். வீட்டுக்கு வந்து பார்க்கும் ஹெபாமே, அதாவது மருத்துவிச்சி, பிள்ளையை நெஞ்சோடு கட்டுகிற திராகேதூக் என்ற நீளத்துணியைப் படத்தில் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படிக் கட்டுவதை நான் ஏழு வயதிலேயே பார்த்திருக்கிறேன்.

சண்டைக் காலத்தில் ஆமியின் சுற்றிவளைப்பு நடக்கும் நாட்களில் நாங்கள் வாவியைக் கடந்து படுவான்கரைக்கு ஓடுவோம். கடல் பக்கம் எழுவான்கரை, சூரியன் விழுகிற பக்கம் படுவான்கரை. அங்கே வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், அப்பாவின் வயலும் தங்குவதற்கு ஒரு வாடியும் இருந்தன. அப்படி ஒருநாள் காலையில் அம்மா அப்பாவின் பழைய சாறனை நீளமாகக் கிழித்து, கைக்குழந்தையாக இருந்த தங்கச்சி தர்சினியைத் தன் நெஞ்சோடு சேர்த்து, முதுகில் குறுக்காகப் போட்டு, இடுப்பில் முடிச்சுப் போட்டார். இரண்டு கையிலும் பை. எனக்குப் பிடித்துக்கொள்ள அவருடைய சீலைத் தலைப்பு மட்டும்தான் மிச்சம். பாதை என்று நாங்கள் சொல்கிற அந்த மிதவையில் ஏறும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். நடுவாவியில் எல்லோரும் வாயடைத்து நிற்க, தர்சினி மட்டும் சுகமாக நித்திரை கொண்டாள். எனக்கு அதில் பொறாமை இல்லை. தங்கச்சி தூங்குவது என் சாமர்த்தியம் போலப் பெருமையாகத்தான் இருந்தது.

அதனால்தான் அம்மாவிடம் இரண்டே இரண்டு சாமான் கேட்டேன். அப்பாவின் பழைய சாறன் ஒன்று, அம்மாவின் நூல்சீலை ஒன்று. ஊருக்குச் சித்தாண்டிக் கோயில் திருவிழாவுக்குப் போய்த் திரும்பிய, இங்கே இருக்கும் ஓர் அண்ணன் சாமானைக் கொண்டுவந்து தந்தார். “என்ன தங்கச்சி, கருவாடு இல்ல, மிளகாய்த்தூள் இல்ல. உடுப்பத்தான் மூட்டை கட்டிரிக்காங்க” என்று அலுத்துக்கொண்டார். பையைத் திறந்தால் நான் கேட்ட இரண்டும் இல்லை. என்னுடையது எல்லாம் இருந்தது.

அதையும் நான் பாசம் என்றே எடுத்துக்கொண்டேன். மகளின் துணி பேத்திக்கு என்று அம்மா யோசித்திருக்கிறார், எவ்வளவு அழகான யோசனை என்று கண் கலங்கியது. முட்டாளுக்குக் கண் கலங்குவதற்குப் பெரிய காரணம் தேவையில்லை. “அலுமாரியே நடந்து வந்திட்டுப் போல” என்று கணவர் சொன்னார். அவர் சும்மாதான் சொன்னார்.

தோய்த்துக் காயவிட்டு, வளைக்குப் பதிலாக என் நெஞ்சில் கட்டும் ஓர் ஏணையைத் தைக்க உட்கார்ந்தேன். பள்ளிக்கூடச் சட்டையின் துணி கெட்டி; அதை வெட்டி இரண்டு மடிப்பாக்கி, பிள்ளையின் முதுகைத் தாங்கும் நடுத்துண்டு ஆக்கினேன். பிள்ளையின் முகம் படுகிற பக்கத்துக்குப் பூப்போட்ட பாவாடை. தோள்பட்டிக்கு இரண்டு தாவணியை நீளமாக மடித்து அடித்தேன். பட்டி வந்து சேரும் மூலைகளில் பெருக்கல் குறி போலத் தையல் போட்டு அதன்மேல் இன்னொரு தரம் ஓட்டினேன். பிறகு ஓர் அரிசிப் பையை உள்ளே வைத்துக் கட்டி, வீடு முழுக்க நடந்து, குனிந்து, மாடிப்படி ஏறி இறங்கினேன். தையல் ஒன்றும் விடவில்லை. கூறையை மட்டும் வெட்டவில்லை. பட்டு வழுக்கும் என்பது ஒரு காரணம். கூறையில் கத்தரிக்கோல் படக்கூடாது என்பது மற்றக் காரணம். அதை ஏன் அம்மா அனுப்பினார் என்று அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

மகளை உள்ளே வைத்துக் கட்டிக்கொண்டு, அம்மாவுக்குக் காட்ட வீடியோவில் அழைத்தேன். “எண்ட தங்கமே, எவ்வளவு வடிவா நித்திரை கொள்றா” என்று அம்மா உருகினார். அவர் என் அறைக் கட்டிலில் இருந்தார். அவருக்குப் பின்னால் என் அலுமாரி திறந்து கிடந்தது. அதற்குள் வரிசையாக ஆம்பிளைச் சேட்டுகள் தொங்கின.

மட்டக்களப்புக்கு வெளியே உள்ளவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று விளங்காது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் கட்டிய பெண் வெளியே போவதில்லை. மாப்பிள்ளைதான் தன் உடுப்போடு வந்து சேருவான். தாயின் வீடு மூத்த மகளுக்கு, அவளிடமிருந்து அவளுடைய மகளுக்கு. ஒரு வீட்டுப் பெரிய அலுமாரியில் எந்த மருமகனின் சேட்டுத் தொங்குகிறதோ, அவன் பெண்சாதியுடையது அந்த வீடு. என் கலியாணத்தில் அப்பா சபையில் எழுந்து நின்று, வீடு மூத்தவளுக்கு என்று சொன்னார். உறுதிப் பத்திரத்தைப் பிறகு எழுதலாம் என்றார்கள், நாங்கள் வெளிநாடு வந்துவிட்டோம். தர்சினிக்குப் பின்வளவில் புதுவீடு கட்டுவதாகப் பேச்சு. நான் வயிற்றுப் பிள்ளையோடு இருந்தபோதுதான் அவளுடைய கலியாணம் நடந்தது, போனில் பார்த்தேன். வீடு எழும்பும்வரை இரண்டு பேரும் சின்ன அறையில் இருப்பார்கள் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

“அம்மா, பின்னால தொங்குறது ஆர்ட சேட்டு?”

“அது சின்ன மருமகன்ட.”

“எண்ட அலுமாரிக்குள்ளயா?”

அம்மா போனைக் கட்டிலில் வைத்துவிட்டார். எனக்குக் கூரை தெரிந்தது, வளை தெரிந்தது. நானும் தர்சினியும் ஏணையில் ஆடிய கயிறு தேய்த்த பள்ளம்கூடத் தெரிந்தது. குரல் மட்டும் வந்தது. “உனக்குச் சொல்லத்தான் இரிந்த. புள்ளத்தாச்சியா இரிக்கக்குள்ள மனச நோகடிக்கப்படாதெண்டு அப்பாதான் சொன்ன.”

“எனக்குப் புள்ள பிறந்திட்டே அம்மா.”

“இப்ப பால் குடுக்கிற உடம்பு. அதான் சொல்லல்ல. மாப்பிள்ளைட ஆக்கள் இந்தக் கல்வீடுதான் வேணுமெண்டு நிண்டிட்டாங்க. பின்வளவுல ஒரு கல்லும் வைக்கல்ல. நான் என்னகா செய்யிற? நீ இஞ்ச வந்து இரிக்கப்போறியா, சொல்லு?”

“எண்ட கூறைய ஏன் அனுப்பின நீங்க?”

“ரெண்டு கூறை ஒரு அலுமாரிக்குள்ள இரிக்கப்படாது புள்ள. உனக்கும் கூடாது, அவளுக்கும் கூடாது.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. வீட்டைப் பறித்ததில் காணாத குற்றத்தைக் கூறையில் கண்டுபிடித்து, அதற்குப் பரிகாரமும் செய்திருந்தார். அப்பாவிடம் கொடுங்கள் என்றேன். அவர் வட்டைக்குப் போய்விட்டாராம். அந்த நேரத்தில் வட்டையில் அவருக்கு என்ன வேலை?

எனக்கு எரிந்தது. இப்போதும் எரிகிறது. கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனோ என்னவோ. அந்தச் சந்தர்ப்பத்தைக்கூட எனக்குத் தரவில்லை. புலம்பெயர்ந்தவர்கள் பலருக்கு இது தெரிந்த கதையாக இருக்கும். நாம் ஏறிய விமானத்தைப் பார்த்துக் கையசைத்துவிட்டு வரும்போதே நம் இடத்தில் வேறு யாரோ பாய் விரித்துவிடுகிறார்கள். உனக்கென்ன குறை என்ற ஒரே கேள்வியால் நம் வாயை அடைத்துவிடுகிறார்கள். நான் அவ்வளவு பேசியும் தர்சினி போன் பக்கம் வரவில்லை. “அக்கா, கோவிக்காத” என்று எழுதி, அழுகிற முகம் ஒன்றை அனுப்பினாள். அன்று அவள் அம்மாவின் நெஞ்சில் தூங்க, நான் நடந்தேன். இன்றைக்கும் அப்படித்தான். என்னிடமிருந்து மட்டும் எடுக்கவில்லை, என் நெஞ்சில் தூங்கும் இவளிடமிருந்தும் எடுத்துவிட்டார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் கணவர் கிரான் ஊரைச் சேர்ந்தவர். தன் தாய்வீட்டை வழக்கப்படி அக்காவுக்கு விட்டுவிட்டு, எங்கள் வீட்டை நம்பி என்னைக் கட்டியவர். எல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப நம்மட ரெண்டு பேருக்கும் ஊரில போய் இறங்க ஒரு படலையும் இல்ல” என்றார். பகிடியாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

அடுத்த சலவை முறைக்கு மகளைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். ஃப்ராவ் ஹோஃபர் பட்டியைத் தொட்டுப் பார்த்து, மூலைத் தையலைத் தடவி, நல்ல வேலை என்றார். “அம்மா சுகமா?” என்று கேட்டார். சுகம் என்றேன். பிறகு என்ன நினைத்தேனோ, “நீங்கள் சொன்னது சரி. வீட்டைத்தான் காலி செய்திருக்கிறார்கள்” என்றேன். என் ஜேர்மன் அவருக்கு எப்படி விளங்கியதோ, இரண்டு கையையும் பிடித்து, கனடா, அவுஸ்திரேலியா என்று சொல்லி, பெற்றோர் எந்த நாட்டுக்குக் குடிபோகிறார்கள் என்று அக்கறையாகக் கேட்டார். நான் விளக்கம் சொல்லப் போகவில்லை. இந்தக் கதையை எந்தப் பாசையில் சொல்வது?

மிச்ச உடுப்போடு பையைக் கொண்டுபோய்த் தெருமுனைப் பெட்டிக்குள் தள்ளிவிடலாம் என்றும் ஒருநாள் புறப்பட்டேன். மூடியைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். கூறை இப்போது வாடகை வீட்டு அலுமாரியில் கணவரின் சேட்டுகளுக்கு நடுவில் தொங்குகிறது. ஊராள் யாராவது திறந்து பார்த்தால், இது என்னுடைய வீடு என்று சத்தியம் பண்ணுவார்கள். வாடகை வாங்கும் வீட்டுக்காரனுக்கு அந்த வழக்கம் தெரியாது.

நேற்று அம்மா மறுபடி போன் எடுத்தார். நான் மகளைக் கட்டியபடி சமையலறையில் நின்றேன். “கோவத்த விடு புள்ள. புள்ளயக் கூட்டிக்கிட்டு வந்து கொஞ்ச நாள் நிண்டிட்டுப் போங்க. சின்ன அறைய ஒதுக்கித் தாறம்” என்றார். விருந்தாளிக்குச் சொல்கிற அதே கனிவு. பிறகு குரலைத் தாழ்த்தினார். தர்சினி முழுகாமல் இருக்கிறாளாம். வளையில் புதுக்கயிறு போட அப்பா அளவெடுத்துவிட்டாராம். “நீ தச்ச அந்தத் துணிய, உண்ட புள்ள வளந்த பிறகு இஞ்ச அனுப்பிவிடு. மூத்தவள்ட துணி படுறது அவள்ட புள்ளைக்கு நல்லந்தானே?”

கேட்பதில் ஏதும் பிழை இருப்பதாக அவருக்குத் தோன்றவேயில்லை. ஒரு காலத்தில் எனக்கும் தோன்றியிருக்காது. அடுப்பில் பருப்புப் பொங்கியது. மகள் ஒருதரம் முனகி, முகத்தைப் பாவாடைப் பூவோடு திருப்பி வைத்துக்கொண்டாள்.

“ஓம் அம்மா, தாறன்” என்றேன். சபையில் அப்பா சொன்ன அதே குரலில்தான் சொன்னேன். சொல்லிவிட்டு, இடுப்புப் பட்டியை அவிழ்த்து, இழுத்து, இன்னொரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.