தர்சிகாவின் வள்ளம்

நான் பிள்ளைகளுக்குப் பொருத்து விளையாட்டுச் சாமான் செய்கிறவள். பதினொரு பலகைத் துண்டுகளைச் சரியாகக் கோத்தால் இஞ்சின் வைத்த மீன்பிடி வள்ளம் ஒன்று வரும். ஒரு மாதம் பாடுபட்டு வெட்டின சில செட்டுகளை நிலாவெளியில் ஒரு பாலர் பாடசாலைக்குக் கொண்டுபோனேன்.

தர்சிகா என்ற பிள்ளைதான் எல்லாருக்கும் முதல் கட்டினாள். ஆனால் இஞ்சினை மட்டும் பூட்டாமல் மடியில் வைத்திருந்தாள்.

"இன்னும் முடியேல்லையே பிள்ளை?"

"முடிஞ்சுது டீச்சர். வள்ளம் கரையில நிக்குது. இஞ்சின் வீட்ட."

"சாட்டுச் சொல்லக் கூடாது" என்று எல்லாருக்கும் முன்னால் அதட்டினேன். இஞ்சினைப் பறித்து, கம் பூசி, வள்ளத்தில் ஒட்டியும்விட்டேன். அவள் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

பின்னேரம் பஸ்ஸுக்குக் கடற்கரையால் நடந்தேன். மணலில் வரிசையாக வள்ளங்கள். ஒன்றிலும் இஞ்சின் இல்லை. கடைசி வள்ளத்து இஞ்சினை ஒருவர் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணை கொண்டுபோறீங்கள்?"

"வீட்டதான். இஞ்ச விட்டா விடிய இருக்காது."

திருகோணமலையிலேயே பிறந்து வளர்ந்த நான், படத்தைப் பார்த்துத்தான் வள்ளம் வரைந்திருக்கிறேன்.

இப்போது நான் செய்கிற வள்ளங்களில் இஞ்சின் கழலும். தர்சிகாவினுடையது என் அலுமாரியில் இருக்கிறது. எத்தனையோ தரம் முயன்றும் அந்த இஞ்சினைக் கழற்ற எனக்கு ஏலாமல் போய்விட்டது.