மஞ்சள் பொத்தான்

அவளுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள். ஏழு வயதில் அண்ணனோடு ஒரு குடைக்காக மல்லுக்கட்டினாள். துணியும் கம்பியும் அண்ணனோடு போயின, மரப் பிடி அவள் கையில் நின்றது. அன்று முழுக்க அதைக் கீழே வைக்கவில்லை. சாப்பிடும்போதுகூட இடது கையில் வைத்திருந்தாள். அன்று அண்ணன் வைத்த பெயர்தான் உடும்பு. பள்ளிக்கூடத்தோடு போயிருக்க வேண்டிய பெயர். அவள் மறந்துவிட்டுப் போன வீட்டுச் சாவியைக் கொடுக்க அலுவலகத்துக்கு வந்த அண்ணன், வாசலில் நின்று, "உடும்பு இருக்காளா?" என்று கேட்டுத் தொலைத்தான். அன்றிலிருந்து அங்கேயும் முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் உடும்பு. அவளுக்கு அது தெரியும். ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. பொய்யா சொல்கிறார்கள்?

இன்னொரு குணமும் உண்டு. அவள் பேசும்போது யாராவது குறுக்கே விழுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டாள். "முதல்லேர்ந்து சொல்றேன்" என்று முதல் வார்த்தையிலிருந்து ஆரம்பிப்பாள். கல்யாணப் பேச்சின்போது, "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேன், என் வேலையை விடச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது" என்று சொல்ல வந்தாள். மாப்பிள்ளையின் சித்தப்பா ஐந்து முறை குறுக்கிட்டார். அவள் ஆறு முறை ஆரம்பித்தாள். ஆறாவது தடவை சித்தப்பா தண்ணீர் கேட்டார். அந்த வாக்கியம் எப்படி முடிகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இவளைக் கட்டிக்கொண்டேன் என்று கணவர் இன்றைக்கும் சொல்வார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பொறுமைசாலி, பொறுமை இல்லாதவர் அந்த வீட்டில் ஒரு வாரம் தாங்க மாட்டார்.

அவள் வேலை பார்த்த கம்பெனி, அட்டைப்பெட்டித் தொழிற்சாலைகளுக்கு வெட்டும் இயந்திரம் செய்து கொடுத்தது. கீழ்த்தளத்தில் சோதனைக்கென்று ஒரு இயந்திரம், சுற்றிலும் அட்டைத் தூசி. மாடியில் ஜன்னலோரம் அவள் மேஜை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் தெரியும். இயந்திரத்தை ஓட்டும் புரோகிராமுக்கும் கணினியின் சிஸ்டத்துக்கும் நடுவே தரகர்போல் நிற்கும் லைப்ரரி என்கிற புரோகிராம் தொகுப்புதான் பத்து வருஷமாக அவள் பொறுப்பு. அது அடித்தளம். சரியாக இருக்கும்வரை யாருக்கும் அது இருப்பதே தெரியாது. கெட்டுப்போனால்தான் "யாருப்பா பார்த்துக்கிறது?" என்று தேடுவார்கள்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புரோகிராம் தானாக எதையும் தொட முடியாது, சிஸ்டத்திடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். "அட்டை கத்திக்குக் கீழே வந்து சேர்ந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு, கவுன்ட்டர் முன்னால் நிற்பதுபோல் பதில் வரும்வரை காத்து நிற்கும். நடுவில் ஏதாவது அவசரச் சேதி வந்தால், "நீ கேட்டது இன்னும் ஆகலை, குறுக்கே ஒரு சேதி வந்திருக்கு, முதல்ல அதைப் பார்" என்று சிஸ்டம் திருப்பி அனுப்பிவிடும். பிழைப் பட்டியலில் இது நான்காவது. அலுவலகத்தில் நாலாம் நம்பர் என்றால் எல்லோருக்கும் புரியும்.

பழைய கணினியில் நாலாம் நம்பர் வருவது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். இயந்திரத்தின் முன்பக்கத்தில் உள்ள மஞ்சள் பொத்தானை யாரோ அழுத்தியிருக்கிறார்கள். உடனே புரோகிராம் கத்தியை மேலே தூக்கி, அப்படியே நிறுத்திவைக்கும். அந்தப் பழைய கணினி இப்போது சந்தையில் கிடைப்பதில்லை. புதிதாக வாங்கியதற்கு லைப்ரரியை மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. புதியதிலோ கணினிக்குள் இருக்கும் கடிகாரம் அடித்தாலும் நாலாம் நம்பர், பக்கத்து இயந்திரம் சேதி அனுப்பினாலும் நாலாம் நம்பர். இயந்திரம் நின்று நின்று ஓடியது. கத்தி எப்போது பார்த்தாலும் மேலேயே இருந்தது.

சக ஊழியர் ஒருவர், சுருட்டைமுடிக்காரர், கெட்டிக்காரர்தான். லைப்ரரியின் எல்லாக் கேள்விகளுக்கும் மேலே ஒரே போர்வையைப் போர்த்தினார். நாலாம் நம்பர் வந்தால் புரோகிராமுக்குச் சொல்லாதே, அதே கேள்வியை மறுபடி கேள். அவ்வளவுதான். இயந்திரம் தடதடவென்று ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் வாடிக்கையாளருக்கு இயந்திரத்தைக் காட்டத் தேதியும் குறித்துவிட்டார்.

உடும்பு கை தட்டவில்லை. கோப்பில் எழுதும்போது கடிகாரம் அடித்தால் மறுபடி கேட்பதுதான் முறை, அதை அவளும் ஒத்துக்கொண்டாள். ஆனால் மஞ்சள் பொத்தானும் நாலாம் நம்பராகத்தானே வருகிறது? போர்வைக்குள் அதுவும் சேர்ந்து அமுங்கிவிட்டதே!

அட்டை ஒழுங்காக ஓடும்போது இந்தக் குறை யார் கண்ணிலும் படாது. மஞ்சளை அழுத்த வேண்டிய தேவையே வராது. அட்டை சிக்கிக்கொண்டால்தான் வினை. அட்டை நகராது, பதில் வராது, புரோகிராம் கேட்டுவிட்டுக் காத்து நிற்கும். தொழிலாளி மஞ்சள் பொத்தானை அழுத்துவார். பொத்தானுக்குள் இருக்கும் விளக்கு எரியும், ஏனென்றால் விளக்குக்குத் தனி வழி. ஆனால் புரோகிராம் காதில் விழாது. சிக்கிய அட்டையை எடுக்கக் கையை உள்ளே விடுவார். அட்டை நகரும். அந்த நொடியில் "வந்துவிட்டது" என்று பதில் போகும், கத்தி இறங்கும்.

அவள் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்தப் போய் ஒரு வாரம் தங்கியவள். சிவப்புப் பொத்தானும் இருக்கிறது, மின்சாரத்தையே துண்டிக்கும். அதை அங்கே யாரும் தொடுவதில்லை. தொட்டால் மறுபடி ஓட வைக்க அரை மணி நேரம் ஆகும், சூப்பர்வைசர் வாயில் விழ வேண்டும். சிக்கினால் மஞ்சள், கை உள்ளே, அட்டை வெளியே, மறுபடி மஞ்சள். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே அதைச் செய்வார்கள். அந்தக் கைகளை அவள் மறக்கவில்லை.

மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. தேதி குறித்துவிட்டால் அதற்கு அப்பால் எதுவும் கண்ணுக்குத் தெரியாத மனிதர்.

"சார், ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியா பார்க்கணும். எதை மறுபடி கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாதுன்னு..."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"முதல்லேர்ந்து சொல்றேன். ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியா பார்க்கணும். எதை மறுபடி கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாதுன்னு பிரிக்கணும். ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசமா! இயந்திரம் நல்லா ஓடுது. எதுக்கும்மா சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்கறீங்க? சிக்கினா சிவப்பை அழுத்துன்னு கையேட்டிலயே போட்டிருக்கோம்."

"கையேட்டைப் படிச்சுட்டா சார் கையை விடறாங்க?"

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஒண்ணு கேட்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. யார் குறுக்கே வந்தாலும் நிக்காம முதல்லேர்ந்து ஆரம்பிக்கிற ஆள் நீங்க. அதையேதான் அந்த லைப்ரரியும் செய்யுது. உங்களுக்கு ஒரு நியாயம், அதுக்கு ஒரு நியாயமா?"

"நான் நிக்காம பேசினா யார் கையும் போகாது, சார்."

சிரிப்பு நின்றது. "ஒப்புதல் கொடுக்கப் போறீங்களா இல்லையா?"

"மாட்டேன்."

"அப்ப வேற ஆள் கொடுப்பாங்க. நீங்க இந்த வேலையை விட்டு ஒதுங்கிக்கங்க. காட்டற அன்னைக்குக் கீழே வர வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் உதறிய வேகத்தில் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துக் கீழ்வீட்டு ஜன்னலில் விழுந்தது. கணவர் கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

"வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களா?"

"தூக்கினா தூக்கட்டும்."

"நான் உன்னைத் தப்பு சொல்லலை. ஊரோட ஒத்துப் போகலாமேன்னுதான். கொஞ்சம் விட்டுக் கொடுத்தா என்ன குறைஞ்சு போயிடும்?"

"விரல்."

அவர் கையிலிருந்த கிளிப்பைப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார். அடுத்த கிளிப்பைக் கொடுத்தார்.

காட்டும் நாளன்று நல்ல மழை. இயந்திரத்தை ஒட்டியிருந்த கீழ்த்தளத்து வாசலில் குடைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் ஒரு முதலாளியம்மா. மூன்று ஷெட்டுகளில் பெட்டி செய்பவர், கரகரத்த குரல். ஈரச் செருப்போடு இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மேனேஜர் அழகாக விளக்கிக்கொண்டிருந்தார். அட்டைகள் ஓடின, கத்தி ஏறி இறங்கியது, சுருட்டைமுடிக்காரர் மஞ்சள் பொத்தானை அழுத்தினார், எல்லாம் நின்றது. மறுபடி அழுத்தினார், ஓடியது.

வர வேண்டாம் என்று சொல்லப்பட்ட உடும்பு படியிறங்கி வந்து நின்றாள்.

"அம்மா, அட்டை சிக்கினா இந்த மஞ்சள் பொத்தான்..."

"அதைச் சரி பண்ணியாச்சு, மேடம்," என்று மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தார். "நீங்க மேலே போங்க."

"முதல்லேர்ந்து சொல்றேன். அம்மா, அட்டை சிக்கினா..."

"கேட்கறதுக்கு முன்னாடி பொத்தானைப் பார்த்துட்டுத்தான் கேட்கற மாதிரி எழுதியிருக்கேன்," என்றார் சுருட்டைமுடிக்காரர்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கேட்பதற்கு முன்னால் பார்த்தால் என்ன பயன்? சிக்கும்போது புரோகிராம் ஏற்கெனவே கேட்டுவிட்டு அல்லவா நிற்கும்! ஆனால் அதைச் சொல்ல ஆரம்பித்தால் மூன்றாம் முறை குறுக்கே வருவார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அன்றுதான் முதல் முறையாக அவள் பேச்சைப் பாதியில் விட்டாள். கீழே கிடந்த அட்டை ஒன்றை நாலாக மடித்து, ஓடும் அட்டைகளுக்கு முன்னால் திணித்தாள். இயந்திரம் உறுமி நின்றது. எட்டி மஞ்சள் பொத்தானை அழுத்தினாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"பார்த்தீங்களா, நின்னுடுச்சு," என்றார் மேனேஜர்.

முதலாளியம்மா விளக்கைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். "நின்னுடுச்சுன்னா, அந்த அட்டையை நீங்களே எடுத்துக் காட்டுங்க. என் ஆளுங்க கையாலதான் எடுப்பாங்க."

"அதுக்கென்ன!" என்று மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கத்திக்குக் கீழே கையை நீட்டினார். அவர் நடிக்கவில்லை. சரியாகிவிட்டது என்று மனதார நம்பினார். அதுதான் பயங்கரம்.

அவள் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். உதறினார், முடியவில்லை. மற்றொரு கையால் வாசலோரம் சாய்ந்திருந்த ஒரு குடையை இழுத்து, அதன் வளைந்த மரப் பிடியை உள்ளே விட்டு மடித்த அட்டையைக் கொக்கிபோல் மாட்டி இழுத்தாள். அட்டை நகர்ந்தது.

கத்தி இறங்கியது.

பெரிய சத்தம்கூட இல்லை. குடைப் பிடி இரண்டாகி, ஒரு துண்டு உருண்டு முதலாளியம்மாவின் காலடியில் போய் நின்றது. குடை மேனேஜருடையது. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

சுருட்டைமுடிக்காரர் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. முதலாளியம்மா குனிந்து அந்தத் துண்டை எடுத்தார். வெட்டுப்பட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது சரியாகிற வரைக்கும் இந்த இயந்திரம் என் ஷெட் வாசலை மிதிக்கக் கூடாது," என்றார். "ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, எனக்குக் கவலையில்லை. இந்தப் பொண்ணு சரின்னு சொல்லணும். வேற யார் சொன்னாலும் செல்லாது."

மேனேஜரின் கை இன்னும் அவள் பிடியில்தான் இருந்தது. அவர் நெற்றி வியர்த்திருந்தது. ஐந்து விரல்களையும் ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

"கையை விடும்மா," என்றார் மெதுவாக.

"சொல்லி முடிச்சுட்டு விடறேன், சார்," என்றாள் உடும்பு. "முதல்லேர்ந்து சொல்றேன். அட்டை சிக்கினா இந்த மஞ்சள் பொத்தானை அழுத்துவாங்க..."

யாரும் குறுக்கே பேசவில்லை. அவள் நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல், கடைசிவரை சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை கையை விடவில்லை.