தாமோதரன் அண்ணனின் மூன்று கம்பிகள்

நான் தறியில் இருந்தபோது அண்ணியின் போன் வந்தது. "தம்பி, ஜல்தி வாங்க. உங்க அண்ணன் ரேடியோ கேட்டுகினே சாஞ்சிட்டாரு. எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்கறாரு." ஓடினேன். ரேடியோ இன்னும் பேசிக்கொண்டிருந்தது. அண்ணன் உயிரோடு இல்லை. யாரோ ரேடியோவை மட்டும் அணைத்தார்கள்.

சிற்றலை வானொலி நேயர்களே, உங்களுக்கெல்லாம் அவர் நிலையங்களுக்குக் கடிதம் எழுதும் ஆரணி தாமோதரன். எனக்குப் பக்கத்து வீட்டுத் தறிக்காரர். நான் கேலி செய்வதற்கென்றே பிறந்தவர் என்றுகூட நினைத்திருந்தேன்.

மொட்டைமாடியில் மூன்று செம்புக் கம்பிகள் இழுத்திருந்தார். ஒன்று கிழக்கு மேற்காக, ஒன்று தெற்கு வடக்காக, ஒன்று தண்ணீர்த் தொட்டியிலிருந்து வேப்பமரத்துக்குச் சாய்வாக. மூன்றும் கூடத்து ஜன்னல் வழியாக இறங்கி ஒரு சின்னப் பெட்டியில் சேரும். பெட்டியில் ஒரு குமிழ். அதைத் திருப்பினால் வேண்டிய கம்பி ரேடியோவுக்கு வரும். ஒரு கம்பியில் முனகுகிற நிலையம் இன்னொன்றில் பக்கத்தில் உட்கார்ந்து பேசும். நான்காவது இடம் எர்த்து. அங்கே திருப்பினால் மூன்று கம்பியும் மண்ணோடு சேர்ந்துவிடும்.

கம்பி முனைகளைக் கட்டக் கயிறு வாங்கமாட்டார். "பட்டுல கரண்ட் பாயாதுப்பா" என்று கழிவுப் பட்டு நூலை முறுக்கிக் கட்டுவார். ஒருமுறை குமிழை ஒன்றில் வைத்தாலும் இரண்டில் வைத்தாலும் ஒரே இரைச்சல். ஏறிப் பார்த்தால், அவர் முறுக்கிய கயிற்றில் ஜரிகை கலந்திருந்தது. இரண்டு கம்பியையும் அது மாடிப்படிக் கைப்பிடிக் குழாயோடு சேர்த்துவிட்டிருந்தது. "ரெண்டுத்துக்கும் முகூர்த்தம் வெச்சிட்டியேண்ணா!" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்தக் குழாயில்தான் அண்ணி ஈரத்துணி காயப்போடுவார். "சேகரு, இடி எறங்கியிருந்தா இதுலதான் எறங்கியிருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு மேகமென்றாலே பயம். "மேகம் கறுத்தா கம்பி நம்மளுது இல்ல, மானத்துது. ஒடனே எர்த்துல போடு. மொத இடி கேட்டுட்டா குமிழ்ல கை வெக்காத, எழுந்து போயிடு" என்பார். நான் வெள்ளை மேகத்தைக் காட்டி, "அண்ணா, மானம் உன்னியே பாக்குது" என்பேன். திட்டிக்கொண்டே போய்த் திருப்பிவிட்டு வருவார். "எர்த்து போட்டா பயம் கொறையும்பா, போவாது."

அண்ணன் போன மறுநாள் மதியம். கூடத்து ஜன்னலோரம் ஐஸ் பெட்டியில் அண்ணன். தலைமாட்டில் அண்ணி, சுற்றிலும் பெண்கள். வெயில் திடீரென்று செத்துப்போனது. அப்போதுதான் குமிழைப் பார்த்தேன். இரண்டில் நின்றது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே போனவர்; யார் திருப்பியிருப்பார்கள்? எழுந்து கை நீட்டினேன். இடி இடித்தது. நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

"எல்லாரும் தறி ரூமுக்குப் போங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. முள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்த அண்ணனின் மாமா முறைத்தார். "இன்னாய்யா பேசற? பொணத்த தனியா உட்டுட்டா?"

அண்ணி பெட்டியைக் கட்டிக்கொண்டார். "அவர உட்டுட்டு நான் வரமாட்டேன் தம்பி." பெட்டியின் தகரம், செம்புக் கம்பிகள் இறங்கும் அந்த ஜன்னலின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. தகரத்தின் மேல் அண்ணியின் கை.

"உடவேணாம் அண்ணி. அண்ணனையும் கூட்டிகினு போலாம்."

அண்ணி நிமிர்ந்து குமிழைப் பார்த்தார். பிறகு எழுந்தார். "தூக்குங்க மாமா. மொத இடி கேட்டா அவரு இங்க உக்கார மாட்டாரு."

ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நான்கு பேர் தூக்கினோம். பாதி நெய்த சேலையோடு நிற்கும் அவர் தறிக்குப் பக்கத்தில் இறக்கினோம். மூச்சு வாங்கும்முன் மின்னலும் இடியும் சேர்ந்தே வந்தன. கூடத்தில் 'பட்'டென்று ஒரு சத்தம். பிறகு ரப்பர் கருகும் நாற்றம். மாமா அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பிகளை இறக்கிவிட்டோம். ரேடியோ இனி பேசாது. அது அண்ணியிடமே இருக்கட்டும். ஒரு பக்கம் கருகிய குமிழ்ப் பெட்டியை அண்ணி எனக்குக் கொடுத்தார். அதை என் தறிக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன். நண்பர்களே, அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய பயத்தைத்தான். பெட்டியில் இப்போது ஒரு கம்பியும் இல்லை. ஆனாலும் மேகம் கறுத்தால் தறியை நிறுத்தி எழுந்துபோய் எர்த்துக்குத் திருப்புகிறேன். என் வீட்டுக்காரி சிரிக்கிறாள். நான் சிரிப்பதில்லை.