ஒத்தி வீட்டுக்கு எது நியாயமான வாடகை

எங்கடை மனுசன் முறிஞ்சது செத்தல் மிளகாயாலை. மற்றவை சாராயத்தாலை முறிவினம், சூதாலை முறிவினம். இவர் மிளகாயாலை. கிளிநொச்சியிலை சந்திக்குக் கிட்ட சின்னக் கடை ஒண்டு வைச்சிருந்தவர். உடையார்கட்டுப் பக்கத்துத் தோட்டக்காரரிட்டைக் கடனுக்கு வாங்கி, கொழும்பு லொறிக்காரருக்குக் குடுக்கிறது. எழுபத்தேழுக்குப் பிறகு வெளிநாட்டு மிளகாய் கப்பலிலை வந்து இறங்க, எங்கடை மிளகாயை ஏனெண்டு கேக்க ஆளில்லை. சாக்குச் சாக்காய்க் கடையிலை கிடந்தது. நான் தும்மித் தும்மியே அந்த வருசம் போச்சு. கடன்காரர் மட்டும் தும்மாமல் வந்து நிண்டவை.

கடைசியிலை வவுனியாவிலை ஒரு பிறக்கிராசியிட்டைப் போனார். சட்டத்தரணியை அந்த நாளையிலை அப்பிடித்தான் சொல்லுறது. திரும்பி வரேக்கை வங்குரோத்து எண்டொரு சொல்லைக் கொண்டுவந்தார். கடனைக் கட்ட வழியில்லை எண்டு கோட்டிலை, அதுதான் நீதிமன்றத்திலை, சொல்லிப்போட்டால், கோடு ஒரு உத்தியோக ஐயாவை அனுப்புமாம். அவர் இருக்கிறதைப் பாத்துக் கடன்காரருக்குப் பிரிச்சுக் குடுப்பாராம். நாங்கள் சீவிக்கக் கொஞ்சம் விடுவாராம்.

"கொஞ்சம் எண்டால் எவ்வளவு?" எண்டு கேட்டன்.

"நியாயமானதை விடுவினமாம். சாப்பாடு, பள்ளிக்கூடம், வீட்டு வாடகை. வாடகை கூடினால்தான் கரைச்சலாம். ஊரவன்ரை காசிலை மாளிகையிலை இருக்கிறான் எண்டு கடன்காரர் சொல்லுவினமாம்."

"எங்களுக்கு வாடகையே இல்லையே."

அவர் என்னைப் பாத்தார். நான் அவரைப் பாத்தன். கன நாளைக்குப் பிறகு ரெண்டு பேரும் சிரிச்சம்.

நாங்கள் இருந்தது ஒத்தி வீடு. தெரியாதவைக்குச் சொல்லுறன். வீட்டுக்காரருக்கு ஒரு பெரிய தொகையை மொத்தமாய்க் குடுக்கிறது. அவை அதுக்கு வட்டி தராயினம், நாங்கள் வாடகை குடுக்கமாட்டம். காசைத் திருப்பித் தந்தால் எழும்பிப் போகவேணும். எங்கடை வீட்டுக்காரி மாமி அதே வளவிலை பின்னாலை இருந்தவா. அந்தக் காசை மகளின்ரை கலியாணத்துக்குக் குடுத்து முடிச்சிட்டா. நாங்கள் குடுத்த காசு வந்தது யாழ்ப்பாணத்திலை எனக்குத் தந்த சீதனக் காணியை வித்து. அதாலை எனக்கு மிச்சமாய் இருந்தது அந்தக் கூரை ஒண்டுதான். அது போனால் நானும் மூண்டு பிள்ளையளும் றோட்டிலை.

வாடகை இல்லாதவனுக்கு என்ன பயம் எண்டு நான் நினைச்சன். பக்கத்துக் கொட்டில்காரிதான் என்ரை தலையைக் குழப்பினவ. மலைநாட்டிலையிருந்து கலவரத்துக்குப் பிறகு வந்து குடியேறின பிள்ளை.

"ஏன் அக்கா, வாடகையே இல்லைன்னா நம்புவாங்களா? எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துலயும் வாடகை கிடையாது. ஆனா வேலய விட்டா வீடும் போயிரும். சும்மா குடுக்குற வீட்டுலதான் அக்கா பயம் ஜாஸ்தி."

"நீ போடி, வாயைத் திறந்தால் தரித்திரம்" எண்டன். ஆனால் அவ போன பிறகு எனக்கு வேலை ஓடேல்லை. ஐயா வாற நாள், வீடு ஏழை வீடாய்த் தெரியட்டும் எண்டு நல்ல கதிரை ரெண்டையும் மாமி வீட்டிலை கொண்டுபோய் வைச்சன். பிறகு, இவ்வளவு மோசமான வீட்டுக்கா பெரிய காசு குடுத்தனீங்கள் எண்டு கேப்பாரோ எண்டு ஒரு கதிரையைத் திருப்பிக் கொண்டுவந்தன். மாமி விறாந்தையிலை இருந்து பாத்துக்கொண்டே இருந்தா.

"பிள்ளை, உனக்கென்ன, கதிரைக்கு நடை பழக்கிறியோ?"

ஐயா வந்தார். மெல்லிய மனுசன், வெள்ளைச் சேட்டு, வேர்த்து ஒழுகுது. அந்த ஒரு கதிரையிலை இருத்தித் தேத்தண்ணி குடுத்தன். எங்கடை மனுசன் சுவரோடை நிண்டார், பள்ளிக்கூடத்திலை அடி வாங்க நிக்கிற மாதிரி.

"வாடகை எவ்வளவு அம்மா?"

"ஒண்டும் இல்லை ஐயா" எண்டன், பெருமையாய்.

"அப்ப வீட்டுக்காரர் ஏன் சும்மா விட்டவை?"

"சும்மா இல்லை ஐயா, ஒத்தி."

அவர் தேத்தண்ணியைக் கீழை வைச்சிட்டார்.

"அப்ப உங்கடை காசு வீட்டுக்காரியிட்டை இருக்கு. அது உங்கடை மனுசன்ரை காசெண்டால், திருப்பி வாங்கிக் கடன்காரருக்குப் பிரிக்கவேணும்."

"அப்ப நாங்கள் எங்கை இருக்கிறது?"

"வாடகை வீட்டிலை. நியாயமான வாடகைக்குக் காசு விடுவம்."

"நியாயமெண்டால் என்ன கணக்கு ஐயா?"

"இந்த ஊரிலை இப்பிடி ஒரு வீட்டுக்கு ஆக்கள் வழமையாய்க் குடுக்கிறது."

நான் யோசிச்சுப் பாத்தன். "இந்த ஊரிலை ஆர் ஐயா வாடகை குடுக்கினம்? பாதிப் பேர் அரசாங்கம் குடுத்த குடியேற்றக் காணியிலை. மிச்சப் பேர் காடு வெட்டி இருக்கினம். எங்களைப் போலை ஒண்டு ரெண்டு ஒத்தி. வாடகை குடுக்கிறது வெளியூரிலையிருந்து வேலைக்கு வந்த உத்தியோகத்தர்தான். அவை குடுக்கிறது சரியான கூட. அது நியாயமோ?"

அவர் மனுசனைப் பாத்தார். மனுசன் நிலத்தைப் பாத்தார். ஐயாவுக்கும் விளங்கேல்லை எண்டது எனக்கு அப்பதான் விளங்கிச்சுது. வாடகை குடுத்தால் கடன்காரற்றை காசிலை இருக்கிறம். குடுக்காட்டிலும் கடன்காரற்றை காசிலைதான் இருக்கிறம். மரத்துக்குக் கீழை இருந்தால்தான் நியாயம் போலை.

"அது அவற்றை காசில்லை ஐயா. என்ரை சீதனம்."

"அப்ப அது வேறை கதை. ஆர் குடுத்தது எண்டு வீட்டுக்காரியைக் கேக்கவேணும்."

மாமியைக் கூப்பிட்டம். அவா பொய் சொல்லத் தெரியாத ஆள், அதுதான் பிழையாய்ப் போச்சு. "இவர்தான் தந்தவர். வெத்திலையிலை வைச்சு இவற்றை கையாலைதான் வாங்கினனான்" எண்டா.

எங்கடை ஆக்களிலை பெரிய காசைப் பொம்பிளை எண்ணிக் குடுக்கிறேல்லை. ஆம்பிளைதான் வெத்திலை வைச்சுக் குடுக்கிறது. அந்த நேரம் நான் குசினியிலை பாயாசம் கிண்டிக்கொண்டு நிண்டனான். என்ரை காசு போகேக்கை நான் பயறு வெந்திட்டுதோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறன்.

"மாமி, அவருக்கு அந்தக் காசு எங்கையிருந்து வந்தது?"

"உன்ரை காணி வித்த காசுதானே. நீதானே சீலைத் தலைப்பிலை முடிஞ்சுகொண்டு வந்தனி. முடிச்சு அவிழேல்லை எண்டு என்னட்டைத்தானே தந்தனி. என்ரை பல்லு ஒண்டு ஆட்டம் கண்டதே அதாலைதான்."

ஐயா சிரிப்பை அடக்கினார். எங்கடை மனுசன் முதல் முறை வாயைத் திறந்தார். "ஓம் ஐயா. அவவின்ரை காசுதான். நான் கொண்டுபோய்க் குடுத்தது மட்டும்."

கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து அந்த மனுசன் எதையும் "அவவின்ரை" எண்டு சொன்னதில்லை. அண்டைக்குச் சொன்னார். கோட்டிலை கேட்டுத்தான் சொல்லலாம் எண்டு ஐயா எழும்பினார். மாமி அவர் போகுமட்டும் பாத்து நிண்டு, "காசைத் திருப்பிக் கேட்டால் நான் எங்கை பிள்ளை போவன்" எண்டா. எனக்கே போக்கிடம் தெரியாது. கொஞ்ச நாளைக்கு ரெண்டு வீட்டிலையும் உலை கொதிச்சாலும் சோறு இறங்கேல்லை.

மிளகாய்ச் சாக்குகளும் கடைத் தராசும் கடன்காரருக்குப் போன பிறகு ஐயா திரும்பி வந்தார். மனுசன் அப்ப அரிசி மில்லிலை கூலிக்கு நிண்டவர்.

"காசு அம்மாவின்ரை எண்டு ஏற்றாச்சு. அதைத் தொடாயினம். வீட்டுக்காரி சொன்னது ஒண்டுக்கொண்டு முரண், ஆனால் உண்மை எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

மாமி பின்னாலை நிண்டு மூக்கைச் சிந்தினா. நான் நிலத்திலை குந்தினன். ஐயா விடேல்லை.

"இன்னும் ஒரு கேள்வி இருக்கு. கூலியிலை ஒரு பங்கு கடன்காரருக்குப் போகும். மிச்சத்திலை இவற்றை இருப்பிடத்துக்கெண்டு ஒரு தொகை விடலாம். வீடு இப்ப அம்மாவின்ரை காசிலை. அப்ப இவர் அம்மாவுக்கு வாடகை குடுக்கிறாரோ?"

நான் மனுசனைப் பாத்தன். அவர் என்னைப் பாக்கேல்லை.

"குடுப்பார்" எண்டன்.

"எவ்வளவு?"

ஒரு தொகை சொன்னன்.

"அது கூட" எண்டார் மனுசன்.

"சோறும் சேத்துத்தான்."

"அந்தச் சோத்துக்கு அது கூட."

ஐயா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்திட்டு, நான் சொன்னதிலை கொஞ்சம் குறைச்சு எழுதினார். ஏன் குறைச்சவர், சோத்தைக் கேட்டோ ஆளைப் பாத்தோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.

முதல் மாதம் மனுசன் வாடகையைக் கொண்டுவந்து என்ரை கையிலை வைச்சார். வெத்திலை இல்லை. நான் எண்ணி முடிக்கமுதல் சுருட்டுக்கெண்டு பாதியைத் திருப்பிக் கேட்டார். குடுத்தன். குடியிருக்கிறவனுக்கு வீட்டுக்காரி சுருட்டு வாங்கிக் குடுக்கிறது நியாயக் கணக்கிலை வருமோ எண்டு ஐயாவைக் கேக்கலாம் எண்டு சந்திக்குப் போனன். கோட்டுக்குப் போற பஸ் எனக்கு முதலே போயிட்டுது.