சத்தம் கொடுக்காத வண்டி

பாபநாசத்திலிருந்து இறங்கும் கால்வாயின் கரைமேல் என் மின்சார பைக்கில் வருகிறேன். மேடுபள்ளத்துக்கென்றே செய்த வண்டி. பின்பக்கத்தை ஒரு கையால் தூக்கித் திருப்பிவிடலாம். சத்தமே கிடையாது. வாழையிலைகள் உரசுவதுகூட ஓட்டும்போதே காதில் விழுகிறது. ஹார்ன்தான் இல்லை.

முன்னால் மூன்று பெண்கள் புல்லுக்கட்டு சுமந்து போகிறார்கள். நான் நெருங்கிய பிறகுதான் கடைசியில் நடப்பவர் என்னைப் பார்க்கிறார். பதறி விலகியதில் அவருடைய கட்டு கால்வாயில் விழுகிறது.

“பூனை கணக்கா வாரியளே அண்ணாச்சி! ஒரு சத்தம் குடுத்தா என்ன?”

தண்ணீரில் இறங்கிப் புல்லுக்கட்டை மேலே இழுக்கிறேன். நனைந்து இரண்டு மடங்கு கனக்கிறது. இதை மறுபடி அவர் தலையில் ஏற்ற மனம் வரவில்லை. சீட்டில் வைத்துக் கட்டிவிட்டு, கூடவே நடந்தபடி வண்டியைச் செலுத்துகிறேன்.

“எதுவரைக்கும் போவும் இது?” என்று கேட்கிறார்.

“உங்க ஊர் வரைக்கும் தாராளமா போகும்.”

ஊர் மேட்டுக்கு முன்பே சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. பெண்கள் முன்னே நடக்க, நான் மூச்சு வாங்க வாங்க வண்டியைத் தள்ளுகிறேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மற்ற இருவரிடமும் சொல்கிறார்:

“ஒதுங்குங்கட்டி, அண்ணாச்சி வாராவ. இப்ப நல்லா கேக்கு.”